ஊர்ப் பொதுத் தோட்டத்தைப் புதுப்பித்தல்

ஊருக்குப் பொதுவான காய்கறித் தோட்டம் ஒன்றைத் தொடங்குவது அரிய காரியமன்று. பள்ளிக்கூடத்தின் பின்புறம், கோயில் நந்தவனம், பஞ்சாயத்துக் கிணற்றுக்கு அருகிலுள்ள திடல் முதலிய இடங்களில் இருபது முப்பது சென்ட் நிலம் கிடைக்குமாயின், நல்ல நாள் பார்த்து நாற்று நட்டு, நாலைந்து மாதம் நன்றாகவே நடத்திவிடலாம். அதனைக் கோடையைத் தாண்டி நிலைக்கச் செய்வதே அரிய காரியம். வேலி சரிந்து, சீமைக்கருவேல் மண்டி, பாத்திகளின் அடையாளம் மாத்திரம் எஞ்சிய பொதுத் தோட்டங்களைப் பல ஊர்களிலும் காணலாம். அவ்வாறு பாழாய்க் கிடக்கும் தோட்டத்தை, கூலி கருதாத தொண்டர்களைக் கொண்டே மறுபடியும் நடத்த விரும்பும் கிராமங்களின் உபயோகத்துக்காக இப்பாடம் எழுதப்படுகிறது.

தோட்டம் பாழாவதன் காரணம்

தோட்டம் அழிந்ததற்குக் காரணம் கேட்டால் மண் சரியில்லை என்பார்கள். விதை முளைக்கவில்லை என்பார்கள். ஆடு மேய்ந்துவிட்டது என்பார்கள். இவை யாவும் ஓரளவு உண்மையே. ஆயினும் பயிர் வளர்ந்த காலத்தையும் வாடிய காலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் மூல காரணம் விளங்கும். ஆடியில் விதைத்த தோட்டத்தை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழையே நடத்திவிடுகிறது. தை வரையில் பனியும் ஈரமும் துணை செய்கின்றன. மாசி பிறந்த பின்பு தினந்தோறும் யாரேனும் ஒருவர் தண்ணீர் இறைத்தாக வேண்டும். அந்த ஒருவர் இன்னார் என்று முன்னரே குறிக்கப்படாவிட்டால், ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவர். சிரத்தையுள்ள இரண்டு மூன்று பேர் சில வாரம் முழுப் பாரத்தையும் சுமப்பர். பிறகு அவர்களும் சலித்து நின்றுவிடுவர். பங்குனி முடிவதற்குள் தோட்டம் கருகிவிடும்.

ஆகவே முறைநாள் குறிக்கப்படாமையே முதற் காரணம். இரண்டாவது காரணம் பங்கீட்டைப் பற்றியது. கைவிடப்பட்ட ஒரு தோட்டத்தைப் பார்வையிட்டபோது, முன்பு அதில் வேலை செய்துவந்த மூதாட்டியார் ஒருவரை விசாரித்தேன். “தண்ணீர் ஊற்ற எங்கள் தெருவைக் கூப்பிட்டார்கள், ஐயா. காய் பறிக்கும்போது எங்களைக் கூப்பிடவில்லை” என்றார். அத்தோட்டத்தின் வாயிலில் பொருளுதவி செய்த கனவான்களின் பெயர்கள் பலகையில் எழுதப்பட்டிருந்தன. தண்ணீர் ஊற்றியவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. உழைப்பு ஒரு தெருவுக்கும் விளைவு மற்றொரு தெருவுக்குமாகப் பிரியும் தோட்டம் பொதுத் தோட்டம் ஆகாது. அது நிலைக்கவும் நிலைக்காது.

பிற நாட்டு அனுபவம்

இக்குறைகள் நமது கிராமங்களுக்கு மாத்திரம் உரியவை அல்ல. இரண்டாவது உலக யுத்த காலத்தில் உணவு நெருக்கடியைச் சமாளிக்கும்பொருட்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பொதுஜனங்கள் காலி மனைகளையும் பூங்காக்களையும் கொத்திக் காய்கறி பயிரிட்டனர். அமெரிக்காவில் மாத்திரம் இத்தகைய தோட்டங்கள் சுமார் 2 கோடி இருந்தனவாகக் கணக்கிடப்பட்டது. 1945-ஆம் வருஷம் யுத்தம் முடிந்ததும் உற்சாகம் தணிந்தது. தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை மறைந்தன.

மறையாமல் நின்றவற்றுள் பாஸ்டன் நகரத்து ஃபென்வே தோட்டம் ஒன்று. 1942-இல் தொடங்கிய அத்தோட்டத்துக்கு, பயிரிடுவோரே சேர்ந்த சங்கம் ஒன்று யுத்தம் முடியுமுன்னரே ஏற்பட்டுவிட்டது. சுமார் ஏழரை ஏக்கர் நிலம் ஏறக்குறைய 500 சிறு பங்குகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பங்கும் ஒருவர் பொறுப்பில் இருக்கிறது. பொதுவான காரியங்களைச் சங்கம் கவனிக்கிறது. யுத்தம் போயிற்று, சங்கம் இருந்தது, ஆகவே தோட்டமும் இருந்தது.

நியூயார்க் நகரத்தில் 1973-ஆம் வருஷம் லிஸ் கிரிஸ்டி என்னும் பெண்மணியும் அவருடைய தோழர்களும் குப்பைமேடாய்க் கிடந்த ஒரு மனையைச் சுத்தம் செய்து, மண் கொட்டி, 60 பாத்திகள் அமைத்தனர். அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. 1974-இல் நகர நிர்வாகத்தினிடம் மாதம் 1 டாலர் வாடகைக்கு அந்நிலத்தை முறைப்படி பெற்றுக்கொண்டனர். பிற்காலத்தில், 1999-ஆம் வருஷம், அந்நகரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பொதுத் தோட்டங்கள் ஏலத்துக்கு வந்தன; தர்ம ஸ்தாபனங்கள் முன்வந்து விலைக்கு வாங்கியதனாலேயே அவை தப்பின. பல வருஷம் பாடுபட்ட தோட்டமும் நில உரிமை உறுதிப்படாவிட்டால் ஒரு நாளில் போய்விடக்கூடும் என்பதற்கு இது தக்க உதாரணம்.

நமது நாட்டுக்கும் இவ்வித ஒழுங்கு புதியதன்று. ஏரிக்கரையையும் வாய்க்காலையும் ஊரார் முறைபோட்டுச் செப்பனிடும் குடிமராமத்து வழக்கத்தை நம் முன்னோர் நடத்திவந்தனர். வீட்டுக்கு இத்தனை ஆள், இன்ன நாள் என்ற கண்டிப்பு அதில் இருந்தது. பொதுத் தோட்டத்துக்கு வேண்டியதும் அக்கண்டிப்பே.

முதல் வேலை: நிலமும் நீரும்

மண்வெட்டியை எடுக்குமுன் நிலம் யாருடையது என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் அ பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்து, சர்வே எண்ணையும் எல்லையையும் குறித்துக்கொள்க. ஏரி, குளம், வாய்க்கால் ஆகியவற்றின் புறம்போக்கில் தோட்டம் போடலாகாது. பள்ளி, கோயில், பஞ்சாயத்து ஆகிய எந்தப் பொறுப்பில் நிலம் இருந்தாலும், எத்தனை வருஷத்துக்கு, எந்த நிபந்தனைகளுடன் தோட்டத்துக்கு விடப்படுகிறது என்பதை எழுத்து மூலம் பெறவேண்டும். அதனைக் கிராம சபையில் படித்துத் தீர்மானமாகப் பதிவு செய்துகொள்வது மிகவும் நல்லது. இக்காரியத்தில் கிராமாதிகாரிகள் செய்யும் உதவி, பத்து மூட்டை உரம் கொடுப்பதைவிட மேலானது.

அடுத்தது நீர். ஒரு சென்ட் நிலத்தில் ஓர் அங்குல உயரம் தண்ணீர் நிற்க ஏறக்குறைய 1,000 லிட்டர் வேண்டும். 20 சென்ட் தோட்டத்தில் பாதை, நாற்றங்கால், எருக்குழி, கருவிக் கொட்டகை ஆகியவற்றுக்கு 4 சென்ட் போக, 16 சென்ட் பயிராகிறது என்று கொள்வோம். மழையற்ற காலத்தில் வாரத்துக்கு இருமுறை பாய்ச்சினால் வாரம் 32,000 லிட்டர் ஆகிறது. 15 லிட்டர் குடத்தால் இதனைச் சுமப்பதாயின் 2,100 குடங்களுக்கு மேல் வேண்டும். தொண்டர்களின் தோளை நம்பி இத்தனை நீரை வாக்களிப்பது வீண். கிணறோ, ஆழ்துளைக் குழாயோ, அடுத்த நிலத்து மோட்டாரோ இன்னதென்று முடிவு செய்த பின்பே பாத்தி கட்டவேண்டும். சொட்டு நீர்க் குழாய் அமைக்க வசதியுள்ளவர்கள் அமைத்துக்கொண்டால் தேவை கணிசமாகக் குறையும்.

உறுப்பினர்களும் முறைநாளும்

புதுப்பிக்கத் தொடங்கும் சங்கம் முதலில் செய்யவேண்டியது, முன்பு வேலை செய்து விலகியவர்களின் வீட்டுக்குச் சென்று, விலகிய காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்வதாகும். புதிய ஆட்களைத் தேடுவதைவிட இது பலன் தரும். எல்லாத் தெருக்களிலிருந்தும் குடும்பங்களைச் சேர்க்கவேண்டும். நிலமற்ற குடும்பங்களுக்கே இத்தோட்டத்தின் காய்கறி அதிகம் தேவை என்பதை மறத்தலாகாது. தண்ணீர் எடுப்பவர்களும் களை பறிப்பவர்களும் பெரும்பாலும் பெண்களாயிருப்பதால், நிர்வாகக் குழுவிலும் கணக்கிலும் அவர்களுக்குச் சமமான இடம் இருக்கவேண்டும்.

மேற்சொன்ன 20 சென்ட் தோட்டத்துக்கு 14 குடும்பங்கள் போதும். குடும்பத்துக்கு அரை சென்ட் வீதம் 7 சென்ட் தனிப் பங்காகவும், மீதி 9 சென்ட் பொதுப் பங்காகவும் இருக்கட்டும். தனிப் பங்கில் விளைவது அவரவருக்கே உரியது. தன் பாத்தியைப் பார்க்க வருபவர் பொதுப் பாத்தியையும் பார்ப்பார். முற்றும் பொதுவாக விட்டால் ஒருவரும் வாரார். முற்றும் தனியாகப் பிரித்தால் வேலிக்கும் கிணற்றுக்கும் ஆள் இராது.

திங்கள் முதல் சனி வரை நாளுக்கு இரண்டு குடும்பங்களாக 12 குடும்பங்களுக்கு நாள் குறித்துவிடுக. மீதி இரண்டு குடும்பங்கள் மாற்று முறையினர். நோய், துக்கம், திருவிழா முதலியவற்றால் எவரேனும் வர இயலாதபோது அவர்கள் அந்த நாளை ஏற்பர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்று முறையினரை மாற்றிக்கொள்ளலாம். பயிர் நிலத்தை மூன்று பகுதியாக்கி, திங்களும் வியாழனும் முதற் பகுதிக்கும், செவ்வாயும் வெள்ளியும் இரண்டாம் பகுதிக்கும், புதனும் சனியும் மூன்றாம் பகுதிக்கும் பாய்ச்சுக. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் எல்லாரும் கூடி வேலி, களை, எரு ஆகிய வேலைகளைச் செய்க. கூலிக்குச் செல்லும் குடும்பங்களை வேலை நாளின் நடுவில் அழைப்பது நியாயமன்று. முறைவேலை விடியற்காலையிலோ மாலையிலோ அமையவேண்டும். முறை அட்டவணையைப் பெரிய எழுத்தில் எழுதி வாயிலில் தொங்கவிடுக. நன்கொடையாளர் பலகைக்கு அடுத்ததாகவேனும் அதற்கு இடம் இருக்கட்டும்.

நிலத்தைத் திருத்துதல்

சித்திரையில் திருத்தத் தொடங்குவது நலம். சீமைக்கருவேலை வெட்டிவிட்டால் போதாது; அடிக்கட்டையிலிருந்து மறுபடியும் தழைக்கும். சுற்றிலும் தோண்டி வேர்க்கட்டையுடன் எடுத்துவிட வேண்டும். கோரையையும் அறுகையும் ஆழக் கொத்திப் புரட்டி, கிழங்கையும் வேரையும் பொறுக்கி வெயிலில் காயவிடுக. பார்த்தீனியத்தைப் பூக்குமுன்னரே கையுறை அணிந்து பிடுங்கவேண்டும். வேலியோரத்தில் நொச்சியும் ஆடாதோடையும் நட்டால் ஆடு அவற்றை மேய்வதில்லை. இடையிடையே கிளுவைப் போத்து ஊன்றினால் வேலி நிலைபெறும்.

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது, மேலுள்ள சருகை நீக்கி, பத்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ‘வி’ வடிவமாகக் குழி வெட்டி, குழியின் பக்கத்து மண்ணைச் சுரண்டி எடுக்கவேண்டும். அவற்றை ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களை நீக்கிக்கொண்டே வந்து, அரைக் கிலோ மிஞ்சியதும் துணிப்பையில் இட்டு அனுப்புக. எருக்குழி இருந்த இடத்திலும் மர நிழலிலும் மாதிரி எடுக்கவேண்டாம்.

முதல் வருஷத்தில் முழு நிலத்தையும் காய்கறிக்கு உட்படுத்துவது தவறு. பாதியாகிய 8 சென்டில், கோடை மழை கிடைத்தவுடன் சுமார் 1½ கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி மண்ணில் புதைத்துவிடுக. களைகளும் அடங்கும், மண்ணும் பதப்படும். நடவு அப்பாதியில் ஆவணிக்குப் பின்னர் ஆகலாம். இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை ஆராய்ந்து வகுத்த கம்போஸ்டு முறையில், இலை, களை, தழை ஆகியவற்றைச் சாணக் கரைசலும் சாம்பலும் இட்டு அடுக்கடுக்காகக் குவித்து, ஈரம் குன்றாமல் மும்முறை கிளறிவந்தால் சுமார் மூன்று மாதத்தில் நல்ல எரு கிடைக்கும். விதை முற்றிய களைகளை இதில் சேர்க்கலாகாது.

பயிர்கள்

தொண்டர்களின் ஊக்கம் குன்றாதிருக்க, முதல் அறுவடை சீக்கிரம் கைக்கு வரவேண்டும். ஆதலால் முதலில் விதைக்க வேண்டியது முளைக்கீரை. 25 நாளில் பிடுங்கலாம். அத்துடன் ஆடிப்பட்டத்தில் வெண்டையை 1½ அடி வரிசையில் 1 அடிக்கு ஒன்றாக ஊன்றுக. கத்தரியை நாற்றங்காலில் விட்டு, 30 முதல் 35 நாள் சென்றதும் 2 அடி இடைவெளியில் நடுக. மிளகாய், கொத்தவரை ஆகியவை பாத்திகளுக்கும், அவரை, புடல், பாகல், சுரை ஆகியவை பந்தலுக்கும் ஏற்றவை. ஓரங்களில் அகத்தி, கறிவேப்பிலை, முருங்கை ஆகியவை இருக்கட்டும். பெரியகுளத்திலிருந்து 1989-இல் வெளியிடப்பட்ட பி.கே.எம். 1 முருங்கையை விதையிலிருந்தே வளர்க்கலாம்; சுமார் ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும்.

வெண்டையில் மஞ்சள் நரம்பு நோய் கண்ட செடிகளை உடனே பிடுங்கி அப்புறப்படுத்துக. வெள்ளை ஈ அதனைப் பிற செடிகளுக்குப் பரப்பிவிடும். இலை தின்னும் புழுக்களுக்கு, அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுதும் நீரில் ஊறவைத்து வடிகட்டி, 10 லிட்டராக்கி மாலையில் தெளிக்கலாம். நாட்டு இனங்களான அவரை, சுரை, கத்தரி ஆகியவற்றில் நல்ல காய்களை முற்றவிட்டு, அடையாளம் கட்டி, அடுத்த பட்டத்துக்கு விதை எடுத்துக்கொள்க. வீரிய ஒட்டு இனங்களில் எடுத்த விதை தாய்ச் செடியைப் போல் விளையாது.

கோடையில் தோட்டத்தைச் சுருக்குதல்

இப்பாடத்தில் முக்கியமானது இப்பகுதியே. மாசி முடிவில், 16 சென்டையும் கோடை முழுதும் பசுமையாக வைக்கவேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுக. 4 சென்டை மாத்திரம் பயிராக வைத்துக்கொண்டு, மீதி 12 சென்டில் பயிரை எடுத்துவிட்டு, ஒரு பாகத்தைக் கோடைக் கொத்து கொத்தியும் மற்றொரு பாகத்தைச் சருகால் மூடியும் விடுக. இந்த 4 சென்டில் கீரை, கொத்தவரை, விதைக்காக விட்ட செடிகள், நாற்றங்கால் ஆகியவை இருக்கட்டும். குடும்பங்களின் தனிப் பங்கு கோடையில் இதற்குள்ளேயே சிறிது சிறிதாக ஒதுக்கப்படலாம்.

இப்பொழுது கணக்கைப் பாருங்கள். 4 சென்டை மூன்று பகுதியாக்கி முன்போலப் பாய்ச்சினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,370 லிட்டரே வேண்டும். மோட்டார் பழுதானாலும் மின்சாரம் தடைப்பட்டாலும், சுமார் 90 குடம் நீரை இரண்டு குடும்பத்து நால்வர் பகிர்ந்து எடுத்துவிடலாம். முறைநாள் நாளுக்கு நாள் நடந்துகொண்டே இருக்கும், சங்கமும் கலையாது. பயிரைச் சுருக்குவதனால் நஷ்டம் சிறிது. முறை அறுந்துபோனால் தோட்டமே நஷ்டம்.

இவ்விடத்தில் நிலமும் மோட்டாரும் உடைய விவசாயிகளுக்கு ஒரு விண்ணப்பம். மணிக்கு 10,000 லிட்டர் இறைக்கும் மோட்டார் உள்ளவர், தினம் பத்து நிமிஷத்துக்குள் இத்தோட்டத்துக்கு வேண்டிய நீரைக் கொடுத்துவிடலாம். தொடக்க விழாவில் அளிக்கும் நன்கொடையைவிடச் சித்திரை மாதத்தில் கொடுக்கும் இந்தப் பத்து நிமிஷம் பெரிது. அருகருகே மோட்டார் உள்ள மூவர் மாதத்துக்கு ஒருவராக ஏற்றுக்கொண்டால் எவருக்கும் பாரமாகாது. அவர்கள் பெயரும் நன்கொடைப் பலகையில் அல்லாமல் முறை அட்டவணையிலேயே எழுதப்படட்டும்.

கணக்கும் பங்கீடும்

ஒரே ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, முறைக் குடும்பம், நீர் பாய்ச்சிய பகுதி, பறித்த காயின் எடை, அது சென்ற இடம் ஆகிய ஐந்து பத்திகள் அதில் இருக்கட்டும். பொதுப் பங்கின் விளைவை நான்கு பாகமாக்கி, இரண்டு பாகத்தை அம்மாதம் முறை தவறாத குடும்பங்களுக்குச் சமமாகவும், ஒரு பாகத்தைப் பள்ளிச் சத்துணவுக்கும் அங்கன்வாடிக்கும் கொடுத்து, மற்றொரு பாகத்தை விற்று விதை, கருவி, மோட்டார் செலவு ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். மனிதர் ஒருவர் நாளொன்றுக்குக் காயும் கனியுமாகக் குறைந்தது 400 கிராம் உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆலோசனை. நால்வர் உள்ள குடும்பத்துக்கு இது 1,600 கிராம் ஆகும். அரை சென்ட் பாத்தியும் பொதுப் பங்கும் இத்தேவை முழுவதையும் நிறைவேற்றா. ஆயினும் காய் வாங்க இயலாத நாளில் கீரையேனும் உலையருகே இருக்கும்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தை எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படிக்கவேண்டும். முறை தவறியவரைக் கடிந்துகொள்ள வேண்டுவதில்லை. காரணத்தைக் கேட்டு, வேண்டுமாயின் நாளை மாற்றிக் கொடுத்தால் போதும். மூன்று முறை தொடர்ந்து தவறினால் அப்பங்கைக் காத்திருக்கும் வேறு குடும்பத்துக்கு மாற்றலாம். காரியதரிசிப் பதவியை வருஷந்தோறும் வேறொருவர் ஏற்கவேண்டும். ஒருவரையே நம்பிய தோட்டம் அவர் ஊரைவிட்டுப் போகும் நாளில் வாடத் தொடங்கும்.

தங்கள் கிராமத்தில் இவ்விதம் பாழாய்க் கிடக்கும் பொதுத் தோட்டம் இருக்குமாயின், நிலச் சான்று, நீருக்கு வழி, 14 குடும்பங்களின் பெயர், முறை அட்டவணை ஆகிய இந்நான்கையும் முதலில் தயார் செய்யும்படி விவசாயிகளும் கிராமாதிகாரிகளும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். அவை தயாரான பின்பு விதை, நாற்று, மண் பரிசோதனை ஆகியவற்றுக்கு அருகிலுள்ள வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலரை அணுகினால், பாத்தி அமைத்து நடவு செய்யும் முறையைத் தோட்டத்திலேயே செய்து காட்டுவார்கள்.